ரூத்தின் மேல் தீராத பொறாமை

செய்தி வந்தபோது நான் லண்டனில், ஹரோ ரெயில் நிலையத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் நேரம். மழை பிடித்ததால் எல்லோரும் உள்ளே ஒதுங்கி நெருக்கமாக இருந்தது. குகன் அழைத்தான். என் கணவரின் தம்பி. வேலை நாளில் காலையில் என்னை அழைப்பவன் அல்லன். ஆகவே எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, ரூத் எங்களை விட்டிட்டுப் போட்டா," என்றான்.

"எப்ப?"

"இப்பதான். தேத்தண்ணி கேட்டவ. நான் போட்டுக்கொண்டு வந்து பாக்க..."

நான் ஈரமான படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் குனிந்து என்ன நடந்தது என்று கேட்டாள். என் தங்கை இறந்துவிட்டாள் என்றேன். கணவரின் தம்பி மனைவி என்பதை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது மூச்சு இல்லை. அந்தப் பெண் போன பிறகு மனதில் வந்தது இதுதான்: இதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். துக்கத்தில் இப்படியும் தோன்றுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ரூத்துக்கு மூத்த ஓரகத்தியாக ஒரு ஆயுட்காலம் இருந்து பாருங்கள்.

லண்டனின் கிழக்கே, இல்ஃபோர்ட்டில் இருப்பவர்களுக்கு நான் அவளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சீனி வருத்தத்தால் காலில் புண் வந்து வீட்டோடு கிடந்த எங்கள் பெரியவர்கள் எத்தனையோ பேருக்கு அவள்தான் வீடு தேடிப் போய்க் கட்டுப் போட்டாள். "காலை நீட்டுங்கோ ஐயா, வெக்கப்படாதேங்கோ" என்று ஒரு வெள்ளைக்காரி யாழ்ப்பாணத் தமிழில் சொன்னதும் திகைத்து, நோவை மறந்து காலை நீட்டியவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். அவளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரூத் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ஒரு பால் பண்ணையில் பிறந்தவள். மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவில், பழைய ஒழுங்கைக் கைவிடாத குடும்பம். ஆமிஷ் மக்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: கறுப்பு உடுப்பு, வைக்கோல் தொப்பி, குதிரை வண்டி. மெனனைட் மக்கள் அவர்களுக்கு நெருங்கிய சொந்தம். ரூத்தின் வீட்டில் மின்சாரமும் தொலைபேசியும் உண்டு. கார் இல்லை, தொலைக்காட்சி இல்லை. படையில் சேர மாட்டார்கள், வழக்குப் போட மாட்டார்கள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். வளர்ந்து விபரம் தெரிந்த பிறகுதான் ஞானஸ்நானம். அதைப் பெற்ற பின் சபையை விட்டுப் போனால் பெரிய முறிவு. ரூத் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டதால் வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தப்படவில்லை. மேலே படித்தாள், நேர்ஸ் ஆனாள், இன்னொரு தாராளமான மெனனைட் சபையில் சேர்ந்தாள். அவர்கள் அவளை அகதிகளுக்கு உதவும் தொண்டராக லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த அகதிகளில் ஒருவன் குகன்.

குகன் ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்து, அங்கே அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு இங்கே வந்தவன். ஆங்கிலம் வராது. ரூத்தின் வீட்டு மொழியோ, அவளுடைய முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன ஒரு நாட்டுப்புற டொச்சு, அதாவது ஜெர்மன். இரண்டு பேரும் அதில் தட்டுத்தடுமாறிக் கதைக்கத் தொடங்கிக் கலியாணத்தில் வந்து நின்றார்கள். பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவர்கள் இருவருக்கு மட்டும் விளங்கும் மொழி ஒன்று இருந்தது. அதில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நானும் என் கணவரும் ஒரே ஊரில் ஒரே மொழியில் பிறந்தவர்கள். அந்த மொழியில் நாங்கள் பெரும்பாலும் குப்பைத் தொட்டியை யார் வெளியே வைப்பது என்பதைத்தான் கதைத்தோம். என் பொறாமை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்தது மாமி. என் மாமியார் ஊரிலிருந்து வந்து ஹரோவில் எங்களோடுதான் இருந்தார். மூத்த மகன் வீடு. முறையும் அதுதான். எனக்குக் கவுன்சிலில், கட்டட அனுமதிகளைப் பார்க்கும் பிளானிங் பிரிவில் வேலை. மாமிக்குப் பகல் சாப்பாட்டைச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போனால் பொழுதுபடத்தான் வருவேன். ஒரு கோடையில் இரண்டு கிழமைக்கென்று இல்ஃபோர்ட்டுக்குப் போன மாமி திரும்பி வரவில்லை. கூட்டிவரப் போனேன். ரூத் நீளப் பாவாடையும் கொண்டையுமாகக் குசினித் தரையில் சம்மணம் கொட்டி இருந்தாள். எதிரே மாமி. நடுவில் முருங்கையிலைக் கட்டு. இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"மாமி, வெளிக்கிடுங்கோ, போவம்," என்றேன்.

"நான் இஞ்ச கொஞ்ச நாள் நிக்கிறன் பிள்ளை."

"ஏன் மாமி, அங்க என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. நீ நல்லாத்தான் பாக்கிறாய். ஆனா நீ எனக்கு வேலை தாறேல்லை. இவள் தாறாள்."

ரூத் தலையை நிமிர்த்தவில்லை. என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது மட்டும் சொன்னாள். "அக்கா, எங்கட வீட்டில வயசுபோன ஆக்களுக்குப் பக்கத்தில ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டிக் குடுப்பினம். ஆனா வேலையை நிப்பாட்ட விடமாட்டினம். நிப்பாட்டினால் அவைக்குப் பயம் வந்திடும்."

மாமி கண் மூடியது இல்ஃபோர்ட்டில்தான், ரூத்தின் கையில்தான். அந்த வருடங்களில் விம்பிள்டன் கோயிலுக்குப் போனால் பெண்கள் என் சுகத்தைக் கேட்பதற்கு முன் "உங்கட ஓரகத்தி மாமியை எப்பிடிப் பாக்கிறா!" என்பார்கள். அந்த ஓரகத்தி அப்போது கோயிலின் பின்பக்கத்தில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பாள். அவள் கும்பிட மாட்டாள், அது அவளுடைய சமயம். ஆனால் மரக்கறி வெட்ட முதல் ஆளாக வந்துவிடுவாள். பட்டுச்சேலையோடு முன்னால் நின்ற நான் "ஓம், ஓம், நல்லாப் பாக்கிறா" என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்து வீட்டுக்குப் போவேன்.

என் மூத்த மகன் தான் விரும்பிய பெண்ணைப் பற்றி முதலில் சொன்னதும் ரூத்திடம்தான். எனக்கு அது ஒரு வருடம் கழித்துத் தெரிய வந்தது. கோபத்தில் ரூத்துக்கு அழைத்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் என்னட்டைச் சொன்னவன், அக்கா. உங்களிட்டை அவன்தானே சொல்லவேணும்," என்றாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடு ஆங்கிலத்திலும் சித்தியோடு தமிழிலும் பேசினார்கள்.

ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். பெரிய பொறாமை எனக்கு ஒன்ராறியோவில் வந்தது.

ரூத்தின் தகப்பன் டேவிட்டின் பண்ணையை நோக்கி நகரம் வளர்ந்துகொண்டு வந்தது. ஒரு கட்டட நிறுவனம் அந்த நிலத்தை நல்ல விலைக்குக் கேட்டது. ரூத் எனக்கு அழைத்தாள். "அக்கா, உங்களுக்கு பிளானிங் எல்லாம் தெரியும். அப்பாவுக்கு இதுகள் விளங்கேல்லை. என்னோட ஒருக்கா வருவீங்களோ?" என்றாள். நான் உடனே லீவு போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். அவளிடம் இல்லாத, என்னிடம் இருக்கிற ஒன்றை முதல்முறையாக அவள் கேட்டிருந்தாள்.

டேவிட்டின் வீடு வயல் நடுவில் வெள்ளையாக நின்றது. முன்னால் கொடியில் கறுப்பு, நீலம், கறுப்பு என்று உடுப்புகள். ஆனால் குசினி யன்னலால் பார்த்தால் சோள வயலின் எல்லையில் புதிய வீடுகளின் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. பார்த்த உடனே எனக்குப் பழக்கமான காட்சி. லண்டனின் விளிம்பில் இப்படியான கூரைகள் எத்தனைக்கு நான் அறிக்கை எழுதியிருக்கிறேன்! வீதியை அகலமாக்கி நடுவில் ஒரு ரவுண்டபவுட் போட்டிருந்தார்கள். கார்கள் சுழன்று வரும்போது குதிரைகள் மிரண்டன. புதிதாகக் குடிவந்தவர்கள் எரு மணக்கிறது என்று நகர சபைக்கு முறைப்பாடு செய்திருந்தார்கள். வீதியில் குதிரைச் சாணம் கிடப்பதாகவும் ஒரு முறைப்பாடு.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் குசினியில் கூடினார்கள். டேவிட், மூத்த மகன் ஏமொஸ், மற்ற மகன்மார், அவர்களுடைய மனைவிமார், அயலில் சில குடும்பங்கள். பேச்சு அவர்களுடைய டொச்சில். ரூத் எனக்குப் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தாள். தாடி வைத்த அந்த மனிதர்கள் எல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசினார்கள். இன்றும் அவர்களை நினைத்தால் அப்படித்தான் கேட்கிறது.

ஏமொஸ் தொடங்கினான். "எனக்கு மூண்டு பெடியள். மூண்டு பேருக்கும் இஞ்ச காணி வாங்க ஏலாது. இதை வித்தால் வடக்க, தள்ளி, மூண்டு பண்ணை வாங்கலாம். இல்லாட்டில் என்ர பெடியள் தொழிற்சாலைக்குத்தான் போகவேணும்."

நான் இதற்காகவே லண்டனில் இருந்து ஆயத்தமாக வந்திருந்தேன். விற்கத் தேவையில்லை என்றேன். எதிர்ப்பு மனு கொடுக்கலாம், அயல் முழுவதும் கையெழுத்து வாங்கலாம், பொது விசாரணையில் போய் நின்று பேசலாம், மேன்முறையீடு செய்யலாம். நல்ல விளைநிலம் என்ற ஒரு காரணமே போதும், அவர்களைப் பல வருடம் இழுத்தடிக்கலாம். வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ரூத் ஒரு சொல்லையும் விடாமல் டொச்சில் சொன்னாள்.

டேவிட் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ரூத் சொன்னாள்: "அப்ப நாங்கள் அவையோட சண்டை பிடிக்கவேணுமோ எண்டு கேக்கிறார்."

"ஓம், சட்டப்படி," என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவர்கள் சண்டை பிடிப்பதில்லை, சட்டப்படியும்.

நிலத்தை விட்டுக்கொடுக்கும் பேச்சை அவர்கள் இவ்வளவு இலகுவாக எடுப்பார்கள் என்று நான் எண்ணவேயில்லை. அது எனக்கு ஒரு வகையில் அவமானமாகக் கூட இருந்தது. எங்கள் தகப்பன் வழிக் காணி இராணுவ வேலிக்குள் போய், அதன் உறுதிப் பத்திரத்தை மட்டும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவள் நான். இவர்கள் ஏழு தலைமுறை உழுத நிலத்தை மேசையில் வைத்து, விற்போமா விடுவோமா என்று காப்பி குடித்துக்கொண்டு கதைக்கிறார்கள்.

அப்போதுதான் லிடியாவின் பேச்சு வந்தது. லிடியா அயலில் இருந்த ஒரு விதவை. அவளுடைய மகனுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வடக்கே போனால் அந்த வசதி இல்லை. லிடியா சுவரோரம் இருந்து, "எங்களைப் பாக்காதேங்கோ, நீங்கள் போங்கோ, நாங்கள் இஞ்ச சமாளிப்பம்," என்றாள்.

டேவிட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். ரூத் எனக்கு மொழிபெயர்க்க மறந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. சபையை விட்டுப் போனவள், காணியில் பங்கு இல்லாதவள், காரில் வந்து இறங்கியவள். அவளிடம் அபிப்பிராயம் கேட்கிறார் என்று அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததிலிருந்து எனக்கு விளங்கியது. அவள் எழுந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்.

"என்ன சொன்னனீ?" என்று நான் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"எல்லாரும் போகினமெண்டால் போங்கோ எண்டன். ஆரும் ஒராளை விட்டிட்டுப் போறதெண்டால் போகாதேங்கோ எண்டன்."

ஏமொஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். கதவை அடித்துச் சாத்திவிட்டு மாட்டுக் கொட்டில் பக்கம் போனான். அவர்களும் மனிதர்கள்தான் என்று அந்தச் சத்தத்தில் எனக்கு ஓர் ஆறுதல். ரூத் பின்னால் ஓடினாள். யன்னலால் பார்த்தேன். அண்ணன் கையை வீசி வீசிப் பேசினான். தங்கை வேலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"கோபம் போச்சோ?"

"போகேல்லை. ஆனா நிக்கிறான்," என்றாள்.

நின்றார்கள். எல்லோருமே விற்காமல் நின்றார்கள். நிறுவனம் கேட்ட விலை கைவிட்டுப் போயிற்று.

அன்று மாலை நானும் ரூத்தும் சோள வயல் ஓரமாக நடந்தோம். புதிய வீட்டுத் தொகுதியில் தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எனக்கு அடக்க முடியவில்லை. என் அண்ணன் ஒஸ்லோவில், அக்கா பாரிஸில், நான் லண்டனில், அம்மா கொழும்பில் வாடகை அறை ஒன்றில் தனியாகச் செத்தா என்று சொன்னேன். எங்களில் ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்கவில்லை. நிற்க முடியவும் இல்லை, ஷெல் காத்து நிற்காது. நாங்கள் உயிருக்கு ஓடினோம், இவர்கள் போனால் நல்ல விலைக்குப் போவார்கள். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். "ஆனா எனக்கு வயிறு எரியுது ரூத்," என்றேன். "உங்கட ஆக்களுக்குக் காணி போனாலும் ஊர் போகாது. ஊரையே தூக்கிக்கொண்டு போவினம்."

அவள் என்னைத் தேற்றவில்லை.

"அக்கா, நான் இதுக்குள்ள இருந்திருந்தால் நேர்ஸ் இல்லை. எட்டாம் வகுப்போட குசினிக்குள்ள. அப்பா சொன்னதுக்கு மேல ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது. குகன் இல்லை, நீங்களும் இல்லை. ராவில கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சுப் புத்தகம் படிச்சனான். உங்களுக்கு எல்லாரும் பக்கத்தில வேணும், உங்கட விருப்பத்துக்கு இருக்கவும் வேணும். எனக்கும் அப்பிடித்தான் ஆசை. ரெண்டும் சேத்து ஆர் தருவினம்?"

இரண்டையும் அவள் தனக்கு எப்படியோ சேர்த்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சில வருடங்கள் போயின. பக்கத்துப் பண்ணை விற்கப்பட்டு வீடுகள் வந்தன. ஒரு கார் இடித்து ஏமொஸின் குதிரை செத்தது. அவன் மூத்த மகன் தொழிற்சாலைக்கே போனான். பிறகு ஒரு நாள் லிடியாவே டேவிட்டின் வீட்டுக்கு வந்து, வடக்கில் ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது, இனிப் போவோம் என்றாளாம். அந்த வசந்த காலத்தில் பள்ளிக்கூடம், சபை, இரும்புப் பட்டறை, மாடு, குதிரை, ஒட்டுவீட்டுக் கிழவர்கள் எல்லாமாக ஒரு அயல் முழுவதும் எழும்பி வடக்கே போய்க் குடியேறியது. தொழிற்சாலைக்குப் போன பையனும் போனான். விலை முந்தியதை விடக் கூடவா, குறைவா என்று ரூத்திடம் கேட்டேன். "நான் கேக்கேல்லை, அக்கா," என்றாள். உண்மையாகவே கேட்டிருக்க மாட்டாள்.

பழைய பண்ணை இருந்த இடத்தில் இப்போது ஒரு தெரு இருக்கிறது. அதற்கு நிறுவனம் ரூத் வீட்டாரின் குடும்பப் பெயரையே வைத்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு ரூத் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான்தான் அழுதேன்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மாதங்கள்தான் என்றார்கள். இல்ஃபோர்ட் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டார்கள். நான் போகும் நாளெல்லாம் அங்கே ஆட்கள். அவள் கட்டுப் போட்ட கால்கள் எல்லாம் நடந்து வந்தன. ஒருவர் இடியப்பம், ஒருவர் சூப், ஒருவர் வெறுமனே வந்து மூலையில் இருந்துவிட்டுப் போவார். எனக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை கிடைப்பதே பாடு.

ஒரு பிற்பகல் தனியாகக் கிடைத்தாள். தலையணையை நிமிர்த்தி விட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் என்னில எரிச்சலோ?"

முப்பது வருடம் நான் மறைத்து வைத்ததாக நினைத்திருந்தேன். "ஓம்," என்றேன். வேறென்ன சொல்வது?

"எனக்கு அது பிடிக்கும்," என்றாள். "எங்கட ஆக்களுக்குப் பெருமை பெரிய பாவம். நல்லாச் செய்தாய் எண்டு ஆரும் சொல்லமாட்டினம், நாங்களும் நினைக்கக்கூடாது. நான் நல்லா இருக்கிறனெண்டு எனக்குத் தெரியவாறது உங்கட முகத்தைப் பாத்துத்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குச் சிரித்தால் நோகும். அதனால் நிறுத்தினோம்.

அவளுடைய ஆட்கள் விமானத்தில் ஏற மாட்டார்கள். ஆகவே அடக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. எசெக்ஸ் பக்கம் உள்ள இடுகாட்டில், எங்கள் பெடியன்கள் பெட்டியைத் தூக்கி வர, குகன் ஏமொஸுக்கு அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டான். அங்கே இன்னும் விடியவில்லை. ஆனால் வீடு நிறைய ஆட்கள். பாடினார்கள். வாத்தியம் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு சொல்லைப் பிடித்தால் மூச்சு முடியும்வரை இழுத்தார்கள். எங்கள் ஆட்கள் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று கேட்டார்கள். தன்னை விட்டுப் போன ஒருத்திக்காக ஒரு ஊர் இருட்டோடு எழும்பி, முகம் கழுவி, கறுப்பு உடுத்து, வந்து பாடுகிறது. என் சாவுக்கு யார் எழும்புவார்கள் என்று மண் போடும்போதே எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் ஏமொஸ் குகனோடு பேசினான். குகன் எங்களுக்குப் பிறகு சொன்னான்.

"'உன்ர ஆக்கள் ஆர் பக்கத்தில இருக்கினம்' எண்டு கேட்டவர், அண்ணி. அண்ணை ஹரோவில எண்டன். எவ்வளவு தூரமெண்டார். ஒண்டரை மணித்தியாலம் வரும் எண்டன். 'குதிரை வண்டியிலயோ?' எண்டார். இல்லை, ரெயினில எண்டன்." குகன் சிரிக்க முயன்றான். "'ரெயினிலயும் அவ்வளவு தூரத்திலயோ?' எண்டார்."

நானும் என் கணவரும் ரெயினில் வீடு திரும்பினோம். நகரத்தைக் கடந்து மேற்கே வரும்போது நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"குகன் அந்த வீட்டில தனிய என்ன செய்வான்?"

"வந்து எங்களோட இருக்கச் சொல்லிப் பாப்பம்."

"வரமாட்டான். அவனுக்கு அங்கதான் வேலை, அங்கதான் ஆக்கள். நாங்கள் போவம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹரோவில் வீடு வாங்கிய நாளிலிருந்து இல்ஃபோர்ட் என்றால் மூக்கைச் சுளித்தவள் நான்தான். இரட்டை வீடு, பின்னால் தோட்டம், நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சொல்லி அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனவளும் நான்தான்.

"இந்த வயசிலயோ?"

"பிள்ளையள் ரெண்டும் தங்கட வீடுகளுக்குப் போட்டுதுகள். தோட்டத்தை ஆர் பாக்கிறது? நான் போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

"என்னை விட்டிட்டுப் போகவோ பாக்கிறாய்?" என்றார்.

"இல்லை. நீங்கள் வாறவரைக்கும் நிப்பன்," என்றேன். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குகனுடைய தெருவில், அவனுக்கு எதிர்ப்பக்கம், ஒடுக்கமான ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. போன கிழமை பார்க்கப் போனோம். முன்னறை இருட்டு, படிகள் செங்குத்து, குளியலறை ஒன்றுதான். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே, நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் பெரியவர் ஒருவர் நின்றார். ஒரு காலில் கட்டு.

"வீடு பாக்க வந்தனீங்களோ? இது நேர்ஸம்மாவின்ர தெரு," என்றார். "குடுத்து வைச்சனீங்கள்."

அவர் குரலில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டேன். எனக்குத் தெரியாததா அது? காலில் யார் இப்போது கட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி அனுப்பும் நேர்ஸ் பிள்ளைகள் மாறி மாறி வருகிறார்கள், அவசரமாகப் போய்விடுகிறார்கள் என்றார். கட்டு நெகிழ்ந்து கிடந்தது. எனக்குக் கட்டுப் போடத் தெரியாது. குனிந்து, நெகிழ்ந்த நுனியை உள்ளே செருகி விட்டேன். நேர்ஸம்மா இப்படிச் செருக மாட்டா, பின் குத்துவா என்றார்.

அந்த வீட்டை வாங்க ஒப்புக்கொண்டுவிட்டோம். ரூத்தின் மொழி எனக்கு வராது. அவளுடைய அமைதி வராது. என் பிள்ளைகள் அவளிடம் பேசிய தமிழ் எனக்கு வரப் போவதில்லை. அவளிடம் இருந்தவற்றில் எனக்கென்று எடுக்க முடிந்தது இந்தத் தெரு ஒன்றுதான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.